‘திமிர்’ என்ற சொல்லை நீக்கவும்

பெடிகிரி பூனைகளோடு வாழ்கிறவர்களின் கேள்விகள், பதில்கள்

வீட்டில் இருக்கும் பெடிகிரி பூனை, அதாவது வம்சாவளி பார்த்து வளர்க்கும் தனி இனப் பூனை, படுத்தும் பாட்டை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடிதக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. இந்தப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிறவள். துரை என்கிற பெர்ஷியன் பூனைக்குப் பதினோரு வருடமாகச் சீப்பும் துணியுமாகச் சேவகம் செய்கிறேன் என்பதால் ஆசிரியர் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தொழில் பழக்கம் விடாது, சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். திமிர், கொழுப்பு, பழிவாங்குகிறது, ராஜவம்சம் என்ற நினைப்பு. அதிகம் அடித்தது இவற்றைத்தான். அடித்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பெர்ஷியன் ஆண், மூன்று வயது. ஒரு மாதமாகக் கட்டிலில்தான் சிறுநீர் கழிக்கிறது. அதுவும் என் கணவர் படுக்கும் பக்கமாகப் பார்த்து! அவர் ஒருநாள் அதட்டியதை மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறது என்கிறார். அதன் மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்த்தால் புத்தி வரும் என்று யாரோ சொன்னார்களாம். செய்யலாமா?
— கட்டிலில் இடமிழந்த வாசகி

பதில்: வேண்டாம். தேய்த்தால் அதற்குப் புத்தி வராது, உங்களைக் கண்டால் பயம்தான் வரும்.

ஆண் பூனை என்று எழுதியிருப்பதால் முதலில் ஒன்று கேட்கிறேன். அடிக்கடி போய்க் குந்துகிறதா? சொட்டுச் சொட்டாக வருகிறதா, வராமலே திரும்புகிறதா? கத்துகிறதா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? நீர் வரவே இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் ஒடுக்கமானது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும். முக்குவதைப் பார்த்துவிட்டு மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக் கடத்துகிறவர்கள் நிறைய.

கடத்தியவர்களில் நானும் ஒருத்தி. துரைக்கு நான்கு வயது இருக்கும். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தேன். வந்த மறுநாள் நாற்காலியில் வைத்திருந்த மெய்ப்புக் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்து நனைத்துவிட்டான். இருநூறு பக்கம், பாதி திருத்தி முடித்தது. விட்டுவிட்டுப் போன கோபத்தைக் காட்டுகிறான் என்று எனக்கு ஒரே ஆத்திரம். குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் திறந்தபோது மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் தரையில் மூன்று சொட்டு, இளஞ்சிவப்பாக. மூன்று நாள் குழாய் போட்டுப் படுத்திருந்துவிட்டுத்தான் வீடு திரும்பினான். அன்றைக்கு அடித்த சொல் ‘பழிவாங்குகிறான்’. எழுதிய சொல் ‘வலிக்கிறது’.

உங்கள் பூனைக்கு நீர் வருகிறது என்றாலும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது, சிறுநீர்ப்பை அழற்சி மட்டும் இருக்கும். மனக்கலக்கம் அதைக் கிளப்பிவிடும். புது ஆள், இடம் மாறிய அலமாரி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெருப்பூனை என்று எதுவும் காரணமாகலாம். லிட்டர் பாக்ஸில், அதாவது அது கழிவு போக்கும் மணல் பெட்டியில், உட்காரும்போதெல்லாம் வலித்தால், வலியைக் கொடுப்பது அந்தப் பெட்டிதான் என்று அது முடிவுகட்டிவிடும். அப்புறம் மெத்தென்று இருக்கிற இடமாகத் தேடிப் போகும். உங்கள் கணவரின் பக்கம் எதற்கு என்றால், ஒருவேளை அவர்தான் முதலில் எழுந்து போகிறாரோ என்னவோ. காலியாக, கதகதப்பாக, மெத்தென்று ஓர் இடம் கிடைத்தால் அதட்டலையெல்லாம் யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

மருத்துவர் சரி என்று சொன்னபிறகு பெட்டியைப் பாருங்கள். மூடிபோட்ட, கதவு வைத்த, வாசனை மணல் நிரப்பிய பெட்டிதானே வைத்திருக்கிறீர்கள்? நானும் அதைத்தான் வாங்கினேன். நமக்குப் பார்க்க வேண்டாம், முகர வேண்டாம் என்பதற்காகச் செய்த பொருள் அது. உள்ளே போகிறவனுக்குப் புழுக்கமான கக்கூஸ். அதிலும் பெர்ஷியனுக்குப் பின்பக்க முடியில் கழிவு ஒட்டிக்கொள்ளும், பதறி வெளியே ஓடும், அடுத்த முறை போக யோசிக்கும். மூடியைக் கழற்றிவிடுங்கள். பூனை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை எவ்வளவு நீளமோ அதில் ஒன்றரை மடங்கு இருக்கட்டும் பெட்டி. வாசனை இல்லாத, பொடியான மணல். தினமும் அள்ள வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டும் வேறுவேறு இடத்தில். பின்தொடை முடியை மட்டும் மெஷினால் ஒட்ட எடுத்துவிடச் சொல்லுங்கள். மெத்தையை என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்த திரவம் பூனைக்குச் சிறுநீர் வாடையாகவே படும், ‘இங்கேதான்’ என்று நாமே பலகை மாட்டியதுபோல் ஆகிவிடும்.

கணவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மூன்று சொட்டு வரும் பத்தியை மட்டுமாவது.

கேள்வி: சீப்பைப் பார்த்தாலே எங்கள் பெர்ஷியன் புலியாக மாறிவிடுகிறாள். மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு வாருகிறோம். அப்படியும் அக்குளில் இரண்டு சடை விழுந்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டிவிடலாமா?
— கீறல்களுடன் ஒரு குடும்பம்

பதில்: கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். சடை இறுகும்போது தோலையும் சேர்த்துக் கூடாரம்போலத் தூக்கிக்கொள்ளும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூனைத் தோல் அவ்வளவு மெல்லிசு. துரையின் இடது அக்குளில் நான் ‘ஜாக்கிரதையாக’ வெட்டியதற்கு நான்கு தையல். மருத்துவர் திட்டவில்லை. ஒரு கிளிப்பர் மெஷினை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

இருக்கிற சடையை மெஷினால் எடுப்பதுதான் வழி. நிறைய இருந்தால் மருத்துவரே மயக்க மருந்து கொடுத்து எடுப்பார். அதுவரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அக்குள் தோல் இழுபடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். உச்சிமுடியை இறுக்கிக் கட்டி ஒருவர் பின்னால் நின்று இழுத்துக்கொண்டே இருந்தால் நாமும்தான் புலியாவோம்.

தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளத் தெரியாத சோம்பேறி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிட்டேன். பூனை நாக்கில் முள் முள்ளாக இருக்கிறதே, அது முடியைக் கடந்து தோல்வரை எட்டினால்தான் வேலை செய்யும். பெர்ஷியனுக்கு முடியின் நீளத்தை மனிதர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள், நாக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைச் சீப்பால் ஈடுகட்ட வேண்டியது நம் பொறுப்பு.

மூன்று பேர் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் போதும், உலோகச் சீப்பு ஒன்று போதும். முதல் வாரம் கன்னமும் தாடையும் மட்டும், அங்கே அதற்கே சொறியப் பிடிக்கும். ஐந்தே இழுப்பு. அது போதும் என்று முறைக்கும் முன்பு நீங்களே நிறுத்திவிட வேண்டும், ரகசியம் இவ்வளவுதான். வயிற்றுக்கும் அக்குளுக்கும் போக ஒரு மாதம்கூட ஆகட்டும். இடது கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வாருங்கள், இழுப்பு தோலுக்குப் போகாது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. துரைக்கு நான் டெலிபோனில் பேசும்போதெல்லாம் வாருவேன். டெலிபோன் அடித்தால் இப்போது அவனே வந்து படுத்துக்கொள்கிறான்.

சீப்பை எடுக்கும்போது கண்ணையும் துடைத்துவிடுங்கள். முகம் தட்டையாக இருப்பதால் கண்ணீர்க் குழாய் மடங்கிப்போய் நீர் வெளியே வழிகிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, கண்ணுக்கொன்று. விட்டால் மடிப்பில் புண் வரும்.

கேள்வி: சயாமீஸ் வளர்க்கிறேன். காலை நான்கு மணிக்குக் குழந்தை அழுவதுபோல ஆரம்பிக்கிறது. எழுந்து போய்க் கொஞ்சினால்தான் நிறுத்துகிறது. அடம் தாங்கவில்லை.
— தூங்கி வழிபவர்

பதில்: ‘எழுந்து போய்க் கொஞ்சினால்தான்’ என்று நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள். கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொடுத்தாயிற்று. விடியும் நேரமும் அந்தி நேரமும் பூனைக்கு வேட்டை நேரம். அதோடு சயாமீஸ் பேச்சு அதிகமுள்ள இனம், பேசாதே என்றால் நடக்கிற காரியமா? நேரத்தை மாற்றத்தான் முடியும். நீங்கள் படுப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் குச்சியில் கட்டிய இறகைத் துரத்தவிடுங்கள். கடைசியில் அது பிடித்துவிட வேண்டும். சுவரில் லேசர் புள்ளி காட்டி விளையாடினால் கைக்கு எதுவும் சிக்காது, பூனை வெறுப்பாகிவிடும். பிடித்ததும் சாப்பாடு. துரத்தினோம், பிடித்தோம், தின்றோம், நக்கினோம், தூங்கினோம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு மணிக்கு நீங்கள் எழுந்திருக்கவே கூடாது. முதல் வாரம் சத்தம் கூடும், குறையாது. அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் எழுந்து போனாலும் ‘இன்னும் கொஞ்சம் கத்தினால் வருவார்’ என்று பாடம் மாறிவிடும்.

பத்து வயதுக்கு மேல் ஆன பூனை புதிதாக இப்படிக் கத்த ஆரம்பித்தால் இந்தப் பதில் பொருந்தாது. தைராய்டு, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சயாமீஸ் குட்டி வரும்போது பால் நிறமாக இருந்தது. இப்போது காதும் மூக்கும் கறுத்துவிட்டன, அறுவை சிகிச்சைக்காக வயிற்றில் மழித்த இடத்திலும் கறுப்பாக முடி முளைக்கிறது. கலப்புப் பூனையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, அதுதான் சயாமீஸ். நிறத்தை உண்டாக்கும் என்சைம் அவற்றுக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்களில்தான் வேலை செய்யும். தாய் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு, அதனால் வெளுப்பாகப் பிறக்கும். பிறகு காது, மூக்கு, பாதம், வால் என்று ஓரமான இடங்களாகப் பார்த்துக் கறுக்கும். மழித்த வயிறு குளிர்ந்ததால் அங்கேயும் கறுப்பு. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது சரியாகிவிடும்.

கேள்வி: பெர்ஷியன் அல்லது ஸ்காட்டிஷ் ஃபோல்ட், இரண்டில் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். எது சமாளிக்க எளிது? மடிந்த காது எங்கள் மகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பதில்: ஸ்காட்டிஷ் ஃபோல்ட் வேண்டாம். இந்தப் பத்தியில் கறாராக நான் சொல்லும் ஒரே பதில் இது. 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் இருந்த சூசி என்ற வெள்ளைப் பூனைக்குக் காது மடிந்திருந்தது. அதன் வழி வந்தவைதான் எல்லாம். காதை மடிய வைக்கும் மரபணு காதோடு நிற்பதில்லை, குருத்தெலும்பு இருக்கிற இடத்திலெல்லாம் கைவைக்கும். கணுக்கால், பாதம், வால் எல்லாம் இறுகி வலிக்கும். சில பூனைகளுக்குக் கொஞ்சமாக, சிலவற்றுக்கு நடக்கவே முடியாத அளவுக்கு. காலை நீட்டிச் சாய்ந்து மனிதர்போல உட்காருகிறதே என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மற்றப் பூனைகளும் சோம்பலாக அப்படி உட்காருவது உண்டுதான், ஆனால் இந்த இனத்தில் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. குதிக்காத பூனையைச் ‘சாது’ என்று விற்கிறார்கள். அந்தச் சொல்லையும் அடிக்க வேண்டும். இந்த இனத்தைப் பெருக்குவதை நெதர்லாந்தில் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள்.

பெர்ஷியன் என்றால் பெற்றோர் இரண்டுக்கும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனைச் சான்று கேளுங்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே போதும், பெரிய காரியமில்லை. தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குட்டி தூங்கும்போது பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டையும் விசிலும் கேட்டால் அழகு என்று நினைக்காதீர்கள், மூச்சுக்குப் போராடுகிறது. மூக்கு கொஞ்சம் நீண்டிருப்பதாகப் பாருங்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் பெரிய பூனைக் கண்காட்சி நடந்ததே, அந்தக் காலத்துப் பெர்ஷியனுக்கெல்லாம் மூக்கு மூக்காகத்தான் இருந்தது. பரிசு கொடுத்துக் கொடுத்தே உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கேள்வி: மடியில் வந்து படுத்து, தடவச் சொல்லி, சொக்கிப்போய்க் ‘குர்குர்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று கடிக்கிறது. நம்பிக்கைத் துரோகம் இல்லையா?

பதில்: திடீரென்று இல்லை தம்பி. வால் நுனி துடித்திருக்கும், முதுகுத் தோல் சிலிர்த்திருக்கும், காது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். மூன்று முறை மரியாதையாகச் சொல்லிவிட்டு நான்காவதாகப் பல்லால் சொல்கிறது. நீங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். தலை, கன்னம், தாடையோடு நிறுத்துங்கள். வால் ஆட ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள். பல் ஆழமாக இறங்கியிருந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, கிருமியை உள்ளே வைத்துவிட்டு வாசலை மூடிவிடும்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. என் மனைவி ஒன்பது வருடம் வளர்த்த பெர்ஷியன் இது. அவள் போய் ஐந்து வாரம் ஆகிறது. பூனை அலமாரிக்கு அடியிலேயே கிடக்கிறது. கிட்டப் போனால் சீறுகிறது, நேற்று கையைக் கீறிவிட்டது. சாப்பாடு பாதிக்கு மேல் மிச்சம். என்னைக் கண்டால் அதற்கு ஆகவில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவதே நல்லது என்று மகன் சொல்கிறான்.

பதில்: ஐயா, ‘என்னைக் கண்டால் ஆகவில்லை’ என்ற வரியை அடிக்கிறேன், மன்னிக்க வேண்டும். அதற்குத் தெரிந்த நாள் ஒன்று இருந்தது. எந்த நேரத்தில் யார் எழுந்திருப்பார், எந்தக் கை சாப்பாடு வைக்கும், எந்தக் கை சீப்பை எடுக்கும் என்று எல்லாம் ஓர் ஒழுங்கில் இருந்தது. ஐந்து வாரமாக அந்த நாள் வரவில்லை. உங்களுக்கும்தான்.

சாப்பாட்டை மட்டும் கணக்கு வையுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும், பருத்த பூனைக்குச் சீக்கிரமே. பாதிக்கு மேல் மிச்சம் என்பதால் இந்த வாரமே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து வாரம் வாராத முடி சடையாகியிருக்கும், தொட்டால் வலிக்கும், கீறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதையும் அங்கேயே எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் கிட்டப் போகாதீர்கள். அலமாரிக்கு எதிரே, முடிந்தால் தாழ்வான ஆசனத்தில், பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். பேப்பர் படியுங்கள், சத்தமாகவே படியுங்கள். அது பார்க்கும்போது முறைத்துப் பார்க்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். பூனைகளுக்குள் அது பகை இல்லை என்பதற்கு அடையாளம். நான் சொல்கிறேனே என்று ஒரு பத்து நாள் செய்யுங்கள். உங்கள் மனைவி போர்த்தியிருந்த துணி ஏதாவது துவைக்காமல் இருந்தால் அலமாரிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். அவர் சாப்பாடு வைத்த அதே நேரத்துக்கு, அதே இடத்தில், அதே தட்டில் வையுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். மகனிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள்.

இன்னொன்று. கடிதம் முழுக்கப் ‘பூனை’, ‘அது’ என்றே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.